சட்டமும் மாத்திரையும்: சிற்றகலப் படக்கருவிகளும் பேச்சுடன் இயையும் உடலசைவு ஆய்வும்

ஆய்வுச் சுருக்கம்

பேச்சும் உடலசைவும் எவ்வாறு இணைந்து இயங்குகின்றன என்னும் வினாவை இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆய்வாளர்கள் 16 மி.மீ. படச்சுருளைக் கொண்டு ஆராய்ந்தனர். அதற்கென மாற்றியமைக்கப்பட்ட கேமராக்களும், ஒவ்வொரு சட்டமாக நிறுத்திக் காட்டும் பகுப்பாய்வுப் படவீழ்த்திகளும் பயன்பட்டன. அவ்வாய்வுகள் கண்டறிந்ததாகக் கூறிய நுண்ணலகுகள் உடலுக்கு உரியனவா, கருவிக்கு உரியனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் இலக்கண மரபு கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் ஒலியின் கால அளவாகக் கொண்ட முறையோடு இவ்வாய்வு முறையை ஒப்பிடுகிறது. பழம்படங்களையும் இன்றைய காணொளிகளையும் சான்றாகக் கொள்ளும் தமிழாய்வாளர் மேற்கொள்ள வேண்டிய சில நெறிகளையும் முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: சிற்றகலப் படச்சுருள், பகுப்பாய்வுப் படவீழ்த்தி, உடலசைவியல், ஊடாட்ட ஒத்திசைவு, மாத்திரை, படச்சட்டம்.

1. முன்னுரை

மொழியாய்வின் வரலாறு ஆய்வுக் கருவிகளின் வரலாற்றோடும் பிணைந்தது. ஒலிப்பதிவுக் கருவி வந்த பின்னரே பேச்சொலியைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஆராய இயன்றது. அவ்வாறே, பேசுவோரின் கை, தலை, கண் ஆகியவற்றின் அசைவைத் திரும்பத் திரும்பக் காணும் வாய்ப்பைத் திரைப்படச் சுருள் தந்தது. ஆயினும் ஒலியியல் கருவிகள் குறித்துத் தமிழில் ஓரளவு எழுதப்பட்டுள்ள அளவிற்கு, அசைவைப் பகுத்த படக்கருவிகள் குறித்து எழுதப்படவில்லை.

இன்று தமிழ்த்துறைகளில் கூத்து, சடங்கு, கதைசொல்லல், அன்றாட உரையாடல் ஆகியன காணொளியாகப் பதிவு செய்யப்பட்டு ஆராயப்படுகின்றன. பேச்சுக்கும் சைகைக்கும் உள்ள உறவைப் பற்றிய முடிபுகள் அவற்றிலிருந்து பெறப்படுகின்றன. அம்முடிபுகள் எந்த அளவுக்கு நம்பத்தக்கன என்னும் வினா, பதிவுக் கருவி காலத்தை எவ்வாறு கூறுபடுத்துகிறது என்னும் வினாவைச் சார்ந்தது. இவ்வினா புதியதன்று. 1960களிலும் 1970களிலும் இதே வினா ஒரு பெரும் கருத்து வேறுபாடாக எழுந்தது. அதனை மீண்டும் நோக்குவது இன்றைய ஆய்வுக்குப் பயன் தரும்.

கருவியின் சட்டம் என்பது காலத்தை வெட்டும் கத்தி. அது உடலசைவின் இயல்பான எல்லையைக் காட்டுவதாகக் கொள்ளுதல் கூடாது என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவைப்படுகிறது. இன்றைய வழக்கில் நொடி என்பது ஒரு நிமிடத்தின் அறுபதில் ஒரு கூறையும் குறிக்கும். இலக்கண நூல்களில் அது விரலை நொடித்தலைக் குறிக்கும். குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் முன்னது வினாடி என்றும், பின்னது நொடி என்றும் வழங்கப்படுகின்றன. திரைப்படச் சுருளில் உள்ள தனித்தனிப் படங்கள் சட்டம் எனப்படுகின்றன. புரொஜெக்டர் என வழங்கும் கருவி படவீழ்த்தி எனப்படுகிறது.

2. சிற்றகலப் படச்சுருளும் கேமராவின் மாற்றங்களும்

திரையரங்கப் படங்கள் 35 மி.மீ. அகலச் சுருளில் எடுக்கப்பட்டன. அதனினும் குறுகியவை சிற்றகலச் சுருள்கள் ஆகும். 1922இல் பிரான்சின் பத்தே நிறுவனம் 9.5 மி.மீ. சுருளையும், 1923இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 16 மி.மீ. சுருளையும் அறிமுகப்படுத்தின. 8 மி.மீ. சுருள் 1932இலும், சூப்பர் 8 சுருள் 1965இலும் வந்தன. எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் அடித்தளமும் குறைந்த செலவும் இச்சுருள்களை வீட்டிற்கும் வகுப்பறைக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் கொண்டு சேர்த்தன.

ஆய்வுக்கு மிகுதியாகப் பயன்பட்டது 16 மி.மீ. சுருளே. அதன் ஓர் அடி நீளத்தில் 40 சட்டங்கள் அடங்கும். 100 அடிச் சுருளில் 4000 சட்டங்கள் உள்ளன. வினாடிக்கு 24 சட்டங்கள் என்னும் வேகத்தில் அச்சுருள் 2 நிமிடம் 47 வினாடியில் தீர்ந்துவிடும். ஆய்வாளர் எதனைப் பதிவு செய்வது, எப்போது நிறுத்துவது என்பதை இந்த எல்லை கட்டுப்படுத்தியது. கிரிகரி பேட்சனும் மார்கரெட் மீடும் 1936 முதல் பாலித் தீவில் மேற்கொண்ட களப்பணியில் ஏறத்தாழ 22,000 அடி 16 மி.மீ. படமும் 25,000 ஒளிப்படங்களும் எடுத்தனர். மானிடவியலில் அசைவைச் சான்றாகக் கொள்ளும் முயற்சிக்கு அது பெருந்தொடக்கமாக அமைந்தது.

அக்காலத்துச் சிற்றகலக் கேமராக்கள் பெரும்பாலும் விசைவில்லை முறுக்கி இயக்கப்பட்டன. வில் தளரத் தளர ஓட்டத்தின் வேகம் மாறக்கூடும். பார்வையாளருக்கு இது பெரிதாகத் தோன்றாது; சட்டங்களை எண்ணிக் காலத்தைக் கணிக்கும் ஆய்வாளருக்கோ அது அளவுகோலே நீண்டு சுருங்குவதற்கு ஒப்பாகும். எனவே, விசைவில்லுக்கு மாற்றாகச் சீர்வேக மின்பொறி பொருத்தப்பட்டது. தொழிற்கூட அசைவாய்வில் நிமிடத்திற்குச் சரியாக 1000 சட்டங்கள் என்னும் வேகம் வழக்கிற்கு வந்தது. அவ்வேகத்தில் ஒரு சட்டம் நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு கூறு ஆகும். படம் எடுத்த பின்னர்ச் சட்டங்களை எண்ணினாலே காலம் கிடைத்துவிடும்.

பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் இணையர் 1912 அளவில் தொடங்கிய நுண்ணசைவாய்வு இம்முறைக்கு முன்னோடியாகும். அவர்கள் தொழிலாளியின் அருகில் விரைவாகச் சுழலும் கடிகாரம் ஒன்றை வைத்து, அதுவும் படத்தில் விழுமாறு செய்தனர். இத்துறையில் நிமிடத்தின் 2000இல் ஒரு கூறு, அதாவது 0.03 வினாடி, ஓர் அலகாகக் கொள்ளப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'விங்க்' என்பது. இமைப்பு என்பது அதன் பொருள். இப்பெயரின் முக்கியத்துவம் பின்னர் விளக்கப்படும்.

சூப்பர் 8 கேமராக்களிலும் இத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்தன. 1970களில் ரிச்சர்டு லீகாக் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், சூப்பர் 8 படத்தையும் ஒலியையும் ஒரே காலத்தில் இணைத்துப் பதியும் அமைப்பை உருவாக்கினார். மறுபுறம், இடைவெளி விட்டு ஒவ்வொரு சட்டமாகப் பதியும் அமைப்புடைய கேமராக்களும் பயன்பட்டன. வில்லியம் ஒயிட் நியூயார்க் நகரச் சதுக்கங்களில் மக்கள் அமர்வதையும் நடப்பதையும் சூப்பர் 8 இடைவெளிப் படங்களின் துணையால் ஆராய்ந்தார்.

3. பகுப்பாய்வுப் படவீழ்த்தி

இயல்பான படவீழ்த்தியில் ஒரு கொக்கி சுருளின் துளையில் நுழைந்து ஒரு சட்டத்தைக் கீழே இழுத்து நிறுத்துகிறது. இழுக்கும் வேளையில் ஷட்டர் ஒளியை மறைக்கிறது. ஓட்டத்தை நிறுத்தினால் விளக்கின் வெப்பம் நின்ற சட்டத்தைக் கருக்கிவிடும். வேகத்தைக் குறைத்தால் திரையில் ஒளி துடிக்கும். ஆகவே, பொதுப் பயன்பாட்டுக் கருவி ஆய்வுக்கு உதவாது.

இக்குறைகளை நீக்கியதே பகுப்பாய்வுப் படவீழ்த்தி. அதில் வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடியும் வலிய காற்றூதியும் அமைந்தன. குறைந்த வேகத்திலும் ஒளி துடிக்காதவாறு ஷட்டரின் தகடுகள் மிகுவிக்கப்பட்டன. முன்னோட்டம், பின்னோட்டம், ஒற்றைச் சட்ட நகர்வு ஆகியவற்றைக் கையிலுள்ள விசையால் இயக்க முடிந்தது. சட்டங்களை எண்ணும் எண்ணியும் இணைக்கப்பட்டது. கோடாக் பேஜன்ட் படவீழ்த்தியை அடிப்படையாகக் கொண்டு எல்.டபிள்யூ. நிறுவனம் ஆக்கிய வகைகள் இவற்றுள் பெயர்பெற்றவை. பெல் அண்டு ஹோவல் நிறுவனத்தின் நேர-அசைவு ஆய்வுக் கருவியும் பரவலாகப் பயன்பட்டது. தொழிற்கூடப் பொறியாளரும் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரும் பயன்படுத்திய இக்கருவிகளே பின்னர் மொழி, உளவியல் ஆய்வுக்கூடங்களுக்குள் வந்தன.

ஒலியைப் பொறுத்தவரை ஓர் இன்றியமையாத செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். படவீழ்த்தியில் படம் விழும் இடமும் ஒலி படிக்கப்படும் இடமும் வேறு வேறு. படம் விட்டுவிட்டு நகர வேண்டும்; ஒலியோ தடையின்றிச் சீராக ஓட வேண்டும். எனவே 16 மி.மீ. ஒளியியல் ஒலிச்சுருளில் ஒரு சட்டத்திற்குரிய ஒலி அச்சட்டத்திற்கு 26 சட்டங்கள் முன்னதாக அச்சிடப்படுகிறது. இது ஏறத்தாழ 20 செ.மீ. நீளமாகும்; வினாடிக்கு 24 சட்ட வேகத்தில் 1.08 வினாடியாகும். இடையே சுருள் தளர்வாக வளைந்து நிற்கும். அவ்வளைவு ஒரு சட்ட நீளம் கூடினாலோ குறைந்தாலோ, படமும் ஒலியும் 42 மில்லி வினாடி விலகிவிடும்.

4. உடலசைவியலும் ஒலியன் மாதிரியும்

ரே பேர்ட்விஸ்ட்டல் 1952இல் வெளியிட்ட நூலில் உடலசைவியல் என்னும் துறையை முன்மொழிந்தார். அமைப்பு மொழியியல் ஒலியன், உருபன் என அலகுகளைப் பிரித்த முறையை அவர் உடலசைவுக்குப் பொருத்தினார். பொருள் வேறுபாட்டைத் தரும் மிகச் சிறிய அசைவலகை இக்கட்டுரை அசைவன் எனக் குறிப்பிடுகிறது. புருவத்தை எத்தனை நிலைகளில் உயர்த்தினாலும், ஒரு பண்பாட்டினர் பொருள் வேறுபாடாக உணரும் நிலைகள் சிலவே என்பது அவர் கருத்து. ஒலிகள் பல, ஒலியன்கள் சில என்னும் கொள்கையின் நிழல் இது.

1955-56இல் ஸ்டான்ஃபோர்டில் உள்ள நடத்தை அறிவியல் உயராய்வு மையத்தில் பிரீடா பிராம்-ரீக்மன், நார்மன் மெக்குவோன், சார்லஸ் ஹாக்கெட், ஹென்றி பிரோசின் ஆகியோர் கூடி ஒரு நேர்காணலை முழுமையாகப் பகுக்கத் தொடங்கினர். பேட்சன் எடுத்த படம் தரவாயிற்று, பேர்ட்விஸ்ட்டலும் இணைந்தார். உளமருத்துவரும் மொழியியலாளரும் மானிடவியலாளரும் ஒரே படத்தை ஒருங்கே நோக்கியது இதன் சிறப்பு. அப்படத்தின் 18 வினாடிப் பகுதி ஒன்று தனியே விரிவாகப் பகுக்கப்பட்டது. தொகுப்புப் பணி நெடுங்காலம் நீண்டு, 1971இல்தான் நுண்படச்சுருளாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டது. சில வினாடிப் பேச்சைப் பகுக்கப் பல்லாண்டு உழைப்புத் தேவைப்பட்டது என்பது இம்முறையின் வலிமையையும் மெலிவையும் ஒருங்கே காட்டுகிறது.

5. காண்டனின் ஒத்திசைவுக் கருத்தும் மறுப்பும்

பிட்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய வில்லியம் காண்டன் படவீழ்த்தியைக் கையால் இயக்குமாறு மாற்றியமைத்து, ஒலிச்சுருளைச் சில சட்டங்கள் முன்னும் பின்னுமாக நகர்த்தி ஆராய்ந்தார். ஒரு குடும்பம் உணவுண்ணும் காட்சியின் 4.5 வினாடிப் பகுதியை ஒன்றரை ஆண்டுக் காலம் பார்த்ததாகவும், நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் தேய்ந்து போனதாகவும் அவர் பின்னர்க் கூறியது பதிவாகியுள்ளது.

காண்டனும் ஆக்ஸ்டனும் 1966, 1967ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் இரண்டு கருத்துகள் முதன்மையானவை. பேசுபவரின் உடலுறுப்புகள் தம் அசைவின் போக்கை மாற்றும் இடங்கள் அவரது பேச்சொலியின் எல்லைகளோடு பொருந்துகின்றன என்பது ஒன்று, இது தன்னொத்திசைவு. கேட்பவரின் அசைவும் பேசுபவரின் பேச்சொலிக்கு ஒத்து மாறுகிறது என்பது மற்றொன்று. இது ஊடாட்ட ஒத்திசைவு. 1974இல் காண்டனும் லூயிஸ் சாண்டரும் பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளின் அசைவும் பெரியோர் பேச்சோடு ஒத்திசைவதாக 'சயின்ஸ்' இதழில் எழுதினர். ஆங்கிலமேயன்றிச் சீனமொழிப் பேச்சுக்கும் அமெரிக்கக் குழந்தைகள் அவ்வாறே அசைந்தனர் என்பது அவர்தம் கூற்று. மொழியைக் கற்பதற்கு முன்னரே உடல் மொழியின் தாளத்தில் பங்கு கொள்கிறது என்னும் கருத்து அறிஞர் பலரை ஈர்த்தது.

மறுப்பு 1978இல் எழுந்தது. ஜோசப் மெக்டவல், ஒத்திசைவு எனக் கூறப்படுவது தற்செயலாக நிகழக்கூடிய அளவை விஞ்சவில்லை என்று காட்டினார். அசைவு எல்லைகளைக் குறிப்பதில் பார்வையாளர்களிடையே உடன்பாடு போதாமையையும் சுட்டினார். 1981இல் ஜான் கேட்வுட், ராபர்ட் ரோசன்வீன் ஆகியோர், மெக்டவல் வரையறுத்துக் கொண்ட ஒத்திசைவு காண்டன் கூறிய ஒத்திசைவன்று என மறுமொழி கூறினர். 1986இல் டவுடும் டிரானிக்கும் குழந்தைகளின் கையசைவை ஆராய்ந்தபோது, காண்டன்-சாண்டர் முடிபு உறுதிப்படவில்லை.

இவ்வழக்கில் இரு தரப்பாரும் ஒரே வகைக் கருவியையே சார்ந்திருந்தனர். எனவே, கருவியின் எல்லைகளைக் கணக்கிட்டுப் பார்ப்பது பொருத்தமாகும்.

6. கருவி வகுக்கும் எல்லைகள்

முதலாவது, சட்டத்தின் நீளம். வினாடிக்கு 24 சட்டம் எனின் ஒரு சட்டம் 42 மில்லி வினாடி. 48 சட்டம் எனின் 21 மில்லி வினாடி. வல்லின மெய்யின் வெடிப்பு ஏறத்தாழ 10 மில்லி வினாடியளவில் முடிந்துவிடும். அது ஒரு சட்டத்தின் எப்பகுதியில் நிகழ்ந்தது என்பதைப் படம் காட்டாது.

இரண்டாவது, பதிவாகாத காலம். கேமராவின் ஷட்டர் அரைவட்டம் திறந்து அரைவட்டம் மூடியிருப்பது பொதுவழக்கு. ஆகவே, ஒவ்வொரு வினாடியிலும் பாதிக்காலம் சுருளில் விழுவதே இல்லை. இரு சட்டங்களுக்கு இடையே கை திரும்பியிருந்தால், அது எப்போது திரும்பியது என்பது ஊகமே.

மூன்றாவது, ஒலிக்கும் படத்திற்கும் உள்ள இடைவெளி. மேலே கூறியவாறு, சுருள்வளைவில் ஏற்படும் ஒரு சட்ட வேறுபாடே 42 மில்லி வினாடி ஆகும். ஒலி எல்லையும் அசைவு எல்லையும் ஒரே சட்டத்தில் பொருந்துகின்றன எனக் கூறுவோர், இவ்வேறுபாடு நிகழவில்லை என்பதையும் நிறுவ வேண்டும்.

நான்காவது, தற்செயல் பொருத்தம். இதனை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். ஒருவரது உடலில் தலை, கண், கை, விரல், தோள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சராசரியாக ஆறு சட்டத்திற்கு ஒருமுறை போக்கு மாறுவதாகக் கொள்வோம். அது கால் வினாடிக்கு ஒரு மாற்றம். மற்றொருவரின் பேச்சில் ஏதேனும் ஓர் எல்லையைத் தேர்ந்தெடுத்தால், அதே சட்டத்தில் இவரது அசைவு மாற்றம் எவ்வுறவுமின்றி நிகழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. பார்வையாளர் ஒரு சட்டம் முன்பின்னாகக் குறிக்கலாம் என இடம் கொடுத்தால், மூன்று சட்டங்களுள் ஒன்றிலேனும் மாற்றம் நிகழும் வாய்ப்பு 42 விழுக்காடாக உயரும். நான்கு சட்டத்திற்கு ஒரு மாற்றம் எனக் கொண்டால் அது 58 விழுக்காடாகும். உற்றுநோக்கும் உறுப்புகள் மிகமிகப் பொருத்தமும் மிகும். படத்தை ஆயிரம் முறை பார்ப்பதால் இவ்வாய்ப்புக் குறையாது. எதிர்பார்ப்பு வலுப்பெறும் ஆபத்தே கூடும்.

இதனால் பேச்சுக்கும் அசைவுக்கும் உறவே இல்லை எனக் கொள்ளுதல் தவறு. ஆதம் கெண்டனின் ஆய்வுகள் இங்கு வழிகாட்டுகின்றன. 1967இல் வெளிவந்த அவரது பார்வை ஆய்வில் வினாடிக்கு 2 சட்டங்கள் என்னும் வேகத்தில் எடுத்த படம் பயன்பட்டது. அரை வினாடி இடைவெளியில் இமைப்பும் ஒலியெல்லையும் பெரும்பாலும் நழுவிப்போகும். ஆயினும் பேசுபவர் எப்போது கேட்பவரை நோக்குகிறார், எப்போது பார்வையை விலக்குகிறார் என்பதை ஆராய அது போதுமானதாக இருந்தது. வினாவின் அளவுக்கு ஏற்பக் கருவியின் அளவு அமைந்தது. பின்னர் 1980இல் அவர் சைகையை ஆயத்தம், வீச்சு, மீட்சி என்னும் கட்டங்களாகப் பிரித்து, வீச்சானது தொடரின் முதன்மை அழுத்தம் பெறும் அசைக்குச் சற்று முன்னரோ அதனுடனோ முடிவதைக் காட்டினார். அசை என்பது பல சட்டங்கள் நீளும் அலகு. எனவே அம்முடிபு கருவிப் பிழையால் எளிதில் சிதைவதன்று. ஒலி அளவில் ஐயத்திற்கு இடமான உறவு, அசை, தொடர் அளவில் உறுதிபெறுகிறது.

7. உடலே கடிகாரமாதல்: மாத்திரைக் கோட்பாடு

தொல்காப்பியம் எழுத்ததிகார நூன்மரபில் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் நொடியாலும் வரையறுக்கிறது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை எனப் பகுக்கிறது. நன்னூல் அவ்விமைப்பும் நொடிப்பும் மாந்தரிடம் இயல்பாக எழுவனவாதல் வேண்டும் எனத் தெளிவுபடுத்துகிறது. வேண்டுமென்றே விரைவாகவோ மெதுவாகவோ இமைப்பது அளவாகாது என்பது இதன் கருத்து.

தொல்காப்பியர் திரைப்பட ஆய்வை முன்னுணர்ந்தார் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஒப்பீடு வேறொன்றைத் தெளிவுபடுத்துகிறது. மனிதரின் இமைப்பு ஏறத்தாழ 0.1 முதல் 0.4 வினாடி வரை நிகழும். வினாடிக்கு 24 சட்டப் படத்தில் அது இரண்டு முதல் பத்துச் சட்டம் வரை இடம்பெறும். மேலே குறித்த 'விங்க்' அலகு 0.03 வினாடியாதலால், ஓர் உண்மையான இமைப்பில் மூன்று முதல் பதின்மூன்று 'விங்க்' அடங்கும். தொழிற்கூட அலகு இமைப்பின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. அதன் அளவைக் கடிகாரத்தின் சுழற்சியே தந்தது. தமிழ் மரபிலோ இமைப்பே அளவு. அங்கு மாத்திரை என்பது மாறாத எண்ணன்று. குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள விகிதத்தைப் பேசுவோரின் உடலளவிலேயே உணர்த்தும் கருவி. விரைந்து பேசினாலும் மெல்லப் பேசினாலும் ஒன்றுக்கு இரண்டு என்னும் விகிதம் கோட்பாட்டளவில் நிலைபெறுகிறது.

உரைமரபு காட்டும் மற்றொரு செய்தி மேலும் நோக்கத்தக்கது. நொடித்தலை நான்கு நிலைகளாகப் பகுத்து, நொடிக்க எண்ணுதல் கால் மாத்திரை, விரலை ஊன்றுதல் அரை, முறுக்குதல் முக்கால், விடுத்தல் ஒன்று எனக் கொள்ளும் விளக்கம் உரைகளில் எடுத்தாளப்படுகிறது. ஒரு சைகை ஒலியாகி முடிவதற்குள் கடக்கும் கட்டங்கள் இங்கு எண்ணப்பட்டுள்ளன. எண்ணம் தோன்றும் நிலையும் செயலின் ஒரு கட்டமாகக் கொள்ளப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. கெண்டனின் ஆயத்தம், வீச்சு, மீட்சி என்னும் பகுப்போடு இதனை ஒப்பிடலாம். மீட்சிநிலை தமிழ்ப் பகுப்பில் இல்லை. ஏனெனில் நோக்கம் ஒலி பிறக்கும் கணத்தை அளப்பது. எண்ணும் நிலை கெண்டனிடம் இல்லை. ஏனெனில் படம் எண்ணத்தைக் காட்டாது. இரு பகுப்பும் அசைவின் உள்ளமைப்பைக் கொண்டு எல்லை வகுக்கின்றன. புறத்தேயுள்ள சட்டத்தின் எண்ணிக்கையைக் கொண்டு வகுக்கவில்லை. இவ்வகையில் இரண்டும் ஒத்தனவே.

8. தமிழாய்வில் எழும் சிக்கல்கள்

ஆர்னால்டு பாக்கே 1938இல் தென்னிந்தியாவில் இசை, ஆடல், சடங்கு ஆகியவற்றைப் பதிவு செய்தார். ஒலியற்ற 16 மி.மீ. படமும் தனிக் கருவியில் பதிந்த ஒலியுமாக அப்பதிவுகள் அமைந்தன. 1984இல் நசீர் ஜைராஸ்பாய், ஏமி கேட்லின் ஆகியோர் அவ்விடங்களுக்கு மீண்டும் சென்று ஆராய்ந்தனர். தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகியவற்றின் நிகழ்த்துகலை மாற்றங்களை அறிய அது பெரிதும் உதவுகிறது. எனினும் படமும் ஒலியும் வேறு வேறு கருவிகளில் பதிவான நிலையில், பாடலின் எந்த அசையில் கை வீசப்பட்டது போன்ற வினாக்களுக்கு அத்தகைய தரவிலிருந்து உறுதியான விடை பெறுதல் அரிது. சான்றின் வகைக்கு ஏற்பவே வினாவும் அமைய வேண்டும்.

பழஞ்சுருள்களை எண்மியமாக்கும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. வினாடிக்கு 16 சட்டமாக எடுத்த படத்தை 24 சட்டக் காணொளியாக்கினால், இரண்டு சட்டங்களுக்கு ஒன்று இருமுறை இடம்பெறும். 18 சட்டப் படம் எனின் மூன்றில் ஒன்று இருமுறை வரும். இதனை அறியாத ஆய்வாளர், ஆடுபவரின் கை அங்குக் கணநேரம் நின்றதாகக் கொள்ளக்கூடும். அந்நிறுத்தம் ஆடுபவருடையதன்று, மாற்றியோனுடையது. மூல வேகம் எழுதப்படாத கோப்பு, கால ஆய்வுக்குத் தகுதியற்ற கோப்பாகும்.

சுருங்கி வளைந்த, காடி நெடி வீசும் அசிட்டேட் சுருள்களைப் பழைய பகுப்பாய்வுப் படவீழ்த்தியில் ஏற்றி நிறுத்தி நகர்த்துவதும் தவிர்க்கத்தக்கது. கொக்கி துளைகளைக் கிழிக்கும். மூலச்சுருளைச் சட்டம் சட்டமாக வருடிப் படியெடுத்த பின்னர், ஆய்வைப் படியிலேயே நிகழ்த்துதல் நன்று.

இன்றைய கைபேசிப் பதிவுகளும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. பல கைபேசிகள் ஒளியின் அளவுக்கேற்பச் சட்ட வேகத்தை மாற்றிக்கொள்கின்றன. வினாடிக்கு 30 சட்டம் எனக் குறிக்கப்பட்ட கோப்பிலும் சட்டங்களின் இடைவெளி சீராக இருப்பதில்லை. விசைவில் தளர்ந்த பழைய கேமராவின் குறை புதிய வடிவில் திரும்பியுள்ளது எனலாம்.

இவற்றைக் கருதிப் பின்வரும் நெறிகள் பரிந்துரைக்கப்படுகின்றன:

அ. பேச்சு-சைகை ஆய்வுக் கட்டுரைகளில் பதிவுக் கருவி, மூலச் சட்ட வேகம், மாற்றிய வேகம் ஆகியன தவறாது குறிக்கப்பட வேண்டும்.

ஆ. முடிபு கூறும் கால அலகு ஒரு சட்டத்தைப் போலப் பன்மடங்கு நீளமுடையதாக இருத்தல் வேண்டும்.

இ. ஒலியெல்லைகளைக் குறிப்பவர் படத்தைக் காணாமலும், அசைவெல்லைகளைக் குறிப்பவர் ஒலியைக் கேளாமலும் தனித்தனியே குறித்தல் வேண்டும். குறிப்பவர் இருவராயினும் இருந்து, அவர்தம் உடன்பாடு கணக்கிடப்பட வேண்டும்.

ஈ. பொருத்தத்தின் அளவைக் கூறும்போது, தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க அளவும் உடன் கூறப்பட வேண்டும்.

உ. களப்பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் கேமராவின் முன் விரலை நொடித்தோ கையைத் தட்டியோ பதிதல் நன்று. திரைப்படக் குழுவினர் கிளாப் பலகை அடிப்பதன் பயனும் இதுவே. நொடி கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே புலனாவது. எனவே படமும் ஒலியும் பிரிந்தனவா என்பதை இரு முனைகளிலும் சரிபார்க்கலாம்.

9. முடிவுரை

சிற்றகலக் கேமராவும் பகுப்பாய்வுப் படவீழ்த்தியும் மனித உரையாடலை முன்னர்க் காணாத நுணுக்கத்தில் காட்டின. அவை இன்றி உடலசைவியலும் சைகையாய்வும் தோன்றியிரா. அதே வேளையில், சீர்வேகத்திற்கென மாற்றியமைக்கப்பட்ட கருவி தன் சீரான சட்டங்களை உடலின் அலகுகளாகத் தோன்றச் செய்தது. ஊடாட்ட ஒத்திசைவு பற்றிய கருத்து வேறுபாட்டின் வேர் இங்குள்ளது. ஒற்றைச் சட்ட அளவில் கூறப்பட்ட பொருத்தங்கள் தற்செயலிலிருந்தும் கருவிப் பிழையிலிருந்தும் பிரித்தறிய இயலாதவை. அசை, தொடர், பார்வை போன்ற நீண்ட அலகுகளில் கண்ட உறவுகளுக்கு அக்குறை இல்லை.

தமிழ் இலக்கண மரபு மொழியின் காலத்தை அளக்க உடலைக் கடிகாரமாகக் கொண்டது. இருபதாம் நூற்றாண்டு ஆய்வு உடலை அளக்க இயந்திரத்தைக் கடிகாரமாகக் கொண்டது. முன்னதில் விகிதம் தெளிவு, அளவு நெகிழ்வு. பின்னதில் அளவு தெளிவு, அது எதன் அளவு என்பது ஐயம். தமிழ்ப் பேச்சையும் சைகையையும் காணொளி வழி ஆராயும் இன்றைய முயற்சிகளுக்கு இரண்டும் தேவை. குறில்-நெடில் விகிதம் உடலசைவின் கட்டங்களில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பது, மேற்கூறிய நெறிகளைப் பின்பற்றி இனி விரிவாக ஆராய்வதற்குரியது.